சுத்த மூக்கு

போன வருடம் எங்கள் ஊரில் வாந்தியெடுக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், என் மகள் வினோலியா, மாதா கோயிலுக்குப் பின்னால் திரியும் ஒரு கிழட்டுப் பூனை. பூனைக்குச் சொட்டு மருந்து விட இன்னும் சட்டம் வரவில்லை, அதனால் அது தப்பித்தது. எனக்கும் மகளுக்கும் விலக்கு இருந்தது. நான் அரசாங்கச் சம்பளம் வாங்கும் மூக்கு.

விளங்கச் சொல்கிறேன். என் பெயர் அமலோற்பவம். முத்தையன்துறை மணக்குழுவில் பதினான்கு வருடமாக உறுப்பினர். மீனை அரைத்து மாவாக்கும் கடல்மாவு ஆலையின் வேலியோரக் காற்றைப் பெரிய பிளாஸ்டிக் பையில் பிடித்துக் கொண்டுவருவார்கள். நாங்கள் ஆறு பேர் கண்ணாடி அறைக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பையிலிருந்து வரும் குழாயில் ஆளுக்கு ஒருமுறை மூச்சிழுக்க வேண்டும். நாற்றமே இல்லையென்றால் பூஜ்யம், குடலைப் புரட்டினால் பத்து. அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கருவிகள் எத்தனை வந்தாலும் நாற்றத்துக்கு மனித மூக்குதான் சாட்சி என்று சட்டத்தில் இருக்கிறது. குழு கூடும் நாளில் காப்பி கூடாது, வெங்காயம் கூடாது, சோப்பு, பவுடர், தலையில் பூ, ஒன்றும் கூடாது. நான் பூ இல்லாமல் தெருவில் இறங்கினாலே ஊருக்குத் தெரிந்துவிடும், இன்று ஆலைக்குப் பரீட்சை என்று.

நல்ல பரீட்சை. ஆறு மூக்கில் ஐந்து செத்த மூக்கு.

எல்லாம் ஒன்பது சதவீதச் சட்டத்தில் தொடங்கியது. ஒவ்வொரு தொழில் நகரமும் போன வருடத்தைவிட ஒன்பது சதவீதம் கூடுதலாக உற்பத்தி செய்தே ஆக வேண்டும். தவறினால் ஊருக்கு வரும் குடிநீரும் மின்சாரமும் குறையும். கடலில் மீன் இருந்தவரை சிரமம் இல்லை. பெரிய மீன் தீர்ந்ததும் சின்ன மீனை அள்ளினார்கள். சின்னது தீர்ந்ததும் குஞ்சை அள்ளினார்கள். குஞ்சும் தீர்ந்த பிறகு, எங்கேயோ பிடித்து எத்தனையோ நாள் லாரியில் வெந்து வரும் அழுகலை வாங்கி அரைத்தார்கள். அப்போது ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்தது. ஆலையை இரண்டு தடவை மூட வைத்தோம். அன்றைக்குக் குழுவில் ஆறும் உயிருள்ள மூக்கு.

அந்த வருடம்தான் சொட்டு மருந்து வந்தது. காற்றைச் சுத்தம் செய்ய ஆகும் காலத்தில் மூக்கைச் சுத்தம் செய்துவிடலாம் என்று எவனோ ஒரு மகாராசன் கண்டுபிடித்தான். ஒரு துவாரத்துக்கு ஒரு சொட்டு. ஒரே வாரத்தில் ஊர் அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நாற்றம் தெரியாத ஊரில் ஐஸ் எதற்கு என்று ஐஸ் கம்பெனிகளை மூடினார்கள். ஊசிப்போனதை யாரும் கொட்டுவதில்லை, ஆகவே சந்தையில் கழிவே இல்லை என்று பெருமையாக அறிக்கை விட்டார்கள். அந்த வருடம் வளர்ச்சி பதினொரு சதவீதம். வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடினார்கள்.

போன கார்த்திகையில் என் நாத்தனார் ஜெயசீலி வீட்டில் விசேஷம். அவள் மகனுக்கு நிச்சயதார்த்தம். இலையில் சூரை மீன் குழம்பை ஊற்றினார்கள். பார்வைக்குக் குறையில்லை. நல்ல சிவப்பு, மேலே எண்ணெய் மிதந்தது. ஆனால் அந்த மீன் செத்து ஒரு வாரமாவது இருக்கும். பக்கத்தில் இருந்தவர் முள்ளை உறிஞ்சிவிட்டு விரலை நக்கினார். எதிரில் இருந்தவள் தன் கைக்குழந்தைக்குச் சதையைப் பிய்த்து ஊட்டினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் சோற்றைப் பிசைந்தேன். வினோலியாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் வராது. இலையிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

பந்தி முழுக்க முகத்தைச் சுளித்தது. அழுகல் மீனைப் பார்த்து அல்ல, என் பிள்ளையைப் பார்த்து.

"என்னட்டி அமலோ, பந்தியில உக்காந்து என்ன பண்ணி வச்சிருக்கா உன் மவ?" என்று ஜெயசீலி ஓடி வந்தாள்.

"மைனி, மீன் கெட்டுப் போயிருக்கு."

"கெட்டுப் போச்சா? இருநூறு பேரு தின்னிருக்காவ, ஒருத்தர் ஒரு சொல் சொல்லல. உனக்கும் உன் மவளுக்கும் மட்டும் கெட்டுப் போச்சோ?"

என் கணவர் கஸ்பார் எழுந்து வந்து இலையை மடித்து எடுத்தார். அவர் லாரி ஓட்டுகிறார், ஆலைக்கு மீன் கொண்டுவரும் லாரி. முதல் வருடமே சொட்டு போட்டுக்கொண்டவர். "விடுக்கா, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல" என்றார்.

"ஒடம்புக்கு என்ன? ஒரு சொட்டு விட்டா ஊரோட ஒட்டிக்கிடும். இவளுக்குத்தான் அரசாங்கத்து மூக்கு, பெரும பீத்திக்கிட்டு அலையுதா. அந்தப் பச்ச மண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

கிளம்பும்போது தாம்பூலப் பை கொடுத்தார்கள். வெற்றிலை, பாக்கு, ஒரு சாத்துக்குடி, அதோடு ஓர் அட்டை அரிப்பு மாத்திரை. இப்போது எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். கெட்ட சூரை தின்றால் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடிக்கும். அதற்கு 'விருந்து அரிப்பு' என்று செல்லப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். வாசலில் பிள்ளைகள் கழுத்தைச் சொறிந்துகொண்டே ஓடிப்பிடித்து விளையாடின. மாத்திரைக்கென்று ஊர் எல்லையில் தனி ஆலை வந்திருக்கிறது. அதுவும் ஒன்பது சதவீதத்தில் சேரும்.

நடந்து வரும்போது வினோலியா கேட்டாள்.

"எம்மா, அவங்களுக்கு நெசமாவே நாறலையா?"

"நாறாது. அழுகலக் கண்டுபிடிக்கதுக்குன்னு மூக்குக்குள்ள தனியா நரம்பு இருக்கு. சொட்டு விட்டா அது மட்டும் படுத்துக்கிடும். மல்லிப்பூ மணக்கும், சாம்பிராணி மணக்கும், மத்ததெல்லாம் மணக்கும்."

"மறுபடி எப்ப எந்திரிக்கும்?"

"எந்திரிக்காது."

"அப்ப நல்லதுதான? நாத்தம் எதுக்கும்மா நமக்கு?"

"நாத்தம்னா என்னன்னு நெனச்ச? திங்காத, செத்துப் போவன்னு ஒடம்பு சொல்லுத பாஷை அது. ஆன்சிய மறந்துட்டியாட்டி?"

ஆன்சி அவள் வகுப்புத் தோழி. அதற்கு முந்தின வருடம் ஆலைப் பள்ளிக்கூடத்தில் மதியம் மீன் கட்லெட் கொடுத்தார்கள். ஆன்சி இரண்டு தின்றாள். தொண்டை வீங்கி, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. ஒவ்வாமை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே தட்டிலிருந்து வினோலியாவுக்கும் வைத்தார்கள். அவள் மூக்கைச் சுளித்துத் தள்ளிவிட்டாள். இன்றைக்கு என் பிள்ளை உயிரோடு இருப்பது அந்த ஒரு சுளிப்பால்தான். அன்றிலிருந்து எனக்கு வேறு கவலை கிடையாது. உலகம் எக்கேடு கெட்டாலும் அவள் மூக்கை மட்டும் காப்பாற்றிவிட வேண்டும்.

போன மாசி மாதம் குழு கூடியது. இந்த முறை இரண்டாவது ஆலைக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். மாதிரிக்கு ஓட்டிப் பார்த்த இயந்திரத்தின் காற்று பையில் வந்தது. குழாயில் மூச்சிழுத்தேன். பதினான்கு வருடத்தில் எத்தனையோ அழுகலை முகர்ந்திருக்கிறேன், இது அந்த ரகமே இல்லை. அழுகினது மறுபடி அழுகின நாற்றம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பத்து என்று எழுதிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

திரும்பி வந்தபோது சுடலைமுத்து அண்ணாச்சி தண்ணீர் நீட்டினார். அவரும் குழு உறுப்பினர்தான். ஒரு காலத்தில், கரைக்கு வரும் படகில் இருப்பது எந்த மீன், சாளையா காரலா என்று மணலில் நின்றபடியே சொன்ன மூக்கு அவருடையது. வீட்டில் நாற்றம் தாங்க முடியாமல் போய்ச் சொட்டு போட்டுக்கொண்டார்.

"நீயும் வருசா வருசம் பத்து போடுத. நாங்க அஞ்சு பேரு முட்ட. ஆறால வகுத்தா ரெண்டுகூட வரல. ரெண்டு வரைக்கும் பாஸு. பத்துக்கு மேல போட உனக்கு எடம் இல்ல. என்னத்துக்குத் தாயி கெடந்து கஷ்டப்படுத?"

எனக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். நான் பத்து போட்டேன், என் மனசாட்சி சுத்தம் என்று வருடாவருடம் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனவள்தானே நான். ஆனால் எண்ணோடு வேலை முடிவதில்லை. குழுவில் சொட்டு போடாத மூக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் 'சுத்த மூக்கு' என்று பெயர். கடைசித் தாளில், குழு முறைப்படி கூடியது என்று அந்தச் சுத்த மூக்கு கையெழுத்துப் போட வேண்டும். பதின்மூன்று தடவை போட்டிருக்கிறேன். அன்றைக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

குழுத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மகிழ்நன் என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும், வெளியூர்க்காரர், சிடுசிடுப்பு அறியாத மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"கையெழுத்து விட்டுப்போச்சு மேடம்."

"விட்டுப்போகல சார். போடல."

"ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"ரெண்டாவது ஆலையில என்னத்த அரைக்கப் போறிய?"

"கடல்மாவுதான்."

"கடல்ல மீன் ஏது? எங்க வீட்டுக்காரர் ஒரு லோடு மீனுக்கு மூணு மாநிலம் சுத்திட்டு வாராவ. பாதி லோடு தண்ணியா வடிஞ்சு போவுது. நெசத்தச் சொல்லுங்க சார். என் மூக்குக்கிட்ட மறைக்க முடியாது."

அவர் மறைக்கவில்லை. "முதல் ஆலையோட கழிவை ரெண்டாவது எடுத்துக்கும். வடிகால் சேறு, தொட்டியில படியற நுரை, காலாவதியாகித் திரும்பி வர்ற மாவு. எல்லாத்திலயும் இன்னும் புரதம் இருக்கு. வர்ற மாவை அரிசியிலயும் பருப்புலயும் கலக்க உத்தரவு தயாரா இருக்கு. ஒண்ணும் வீணாகாது."

"அதாவது ஆலை தன் பீயத் தானே தின்னு எங்களுக்கும் ஊட்டும்."

"அப்படியும் சொல்லலாம்" என்றார், முகம் மாறாமல். "ஒன்பது சதவீதம் எங்கேயிருந்தாவது வந்தாகணுமே."

"எதுக்கும் ஒரு எல்லை உண்டும்லா சார்."

"இருக்கலாம். நானும் படிச்சவன்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் மேசைக்கு வர்ற எந்தக் காகிதத்திலயும் அந்த எல்லை வர்றதில்லை. கடல் வந்து ஆட்சேபணை எழுதிக் குடுக்காது. மண்ணும் குடுக்காது. என் மேசைக்கு வர்ற ஒரே எல்லை உங்க மூக்கு. அதையும் ஆறால வகுத்தாச்சு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கேலியில்லை. அதுதான் எனக்குக் குமட்டியது. வெளியே நாறுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த மனிதரின் சாந்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் மேசைக் கணினியில் என் குடும்ப விவரம் இருந்த பக்கத்தைத் திறந்தார். ஒரு நிமிடம் படித்தார். மூடினார்.

"கையெழுத்து இல்லைன்னா நீங்க குழுவில இல்லைன்னு அர்த்தம். உங்க விலக்கு போயிடும், மகளோட விலக்கும் போயிடும். புதன்கிழமை நர்ஸ் வீட்டுக்கு வருவாங்க. ஆலை நிக்காது மேடம். வேற ஊர்லேருந்து ஒரு சுத்த மூக்கைக் கூட்டிட்டு வர மூணு வாரம் தாமதமாகும், அவ்வளவுதான். மூணு வாரத்துக்கு உங்க பொண்ணோட மூக்கைக் குடுக்கறீங்களா?"

மூன்று வாரம். கணக்கு எத்தனை எளிமையாக இருந்தது. ஆன்சியின் பெட்டியை இறக்கியபோது அவள் அம்மா மண்ணில் புரண்டது கண்முன் வந்தது. பேனாவைத் திறந்து போட்டேன். அமலோற்பவம் கஸ்பார், சுத்த மூக்கு. இனி அந்தச் சேற்றை ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் தின்னும், என் பிள்ளை தின்னாது. எது எதில் அது கலந்திருக்கிறது என்று அவள் மூக்கு அவளுக்குச் சொல்லிவிடும். இதுதான் என் நியாயம். என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் கால்கள் லேசாகி வீட்டுக்கு ஓடின என்பதையும் மறைக்க மாட்டேன்.

நான்கு மணிக்கு வீட்டை நெருங்கினேன். கேட்டைத் திறக்கும்போதே கட்லெட் நாற்றம் அடித்தது. வெயிலில் மூன்று நான்கு மணிநேரம் கிடந்த கட்லெட். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வினோலியா தரையில் உட்கார்ந்து பள்ளி டப்பாவைத் திறந்து வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று மூக்கைப் பொத்தினாள். வாய் மட்டும் மெல்வதை நிறுத்தவில்லை.

"எப்பட்டி?" என்றேன்.

"எம்மா..."

"எப்பன்னு கேக்கேன்."

"அத்தை வீட்டு விசேஷம் முடிஞ்ச மறுவாரம். மிஸ் பாரம் குடுத்தாங்க. அப்பா கையெழுத்துப் போட்டாங்க."

"அப்ப தெனமும் ஆலையத் தாண்டும்போது மூக்கப் பொத்திக்கிட்டு வந்தியே?"

"நீ பொத்தும்போது நானும் பொத்துவேன்" என்றாள். "நீ மட்டும் தனியாப் பொத்துனா பாவமா இருக்கும்மா."

கஸ்பார் கொல்லையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"புள்ள தெனம் அழுதா அமலோ. கிளாசுல ஒருத்தியும் பக்கத்துல உக்கார மாட்டேங்காளுவ. 'வாந்தி வினோ'ன்னுதான் கூப்பிடுதாளுவ. பாத்துக்கிட்டு எப்படி இருக்கச் சொல்லுத?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்தான். அவரைத் திட்ட வாயெடுத்தேன். அப்போதுதான் வேறொன்று உறைத்தது. ஆலைப் பள்ளியில் சொட்டு போட்ட பிள்ளைகளின் பட்டியல் மாதாமாதம் மணக்குழுத் தலைவரின் மேசைக்குப் போகும். அந்தப் பக்கத்தைத்தான் ஒரு நிமிடம் படித்துவிட்டு மூடினார். போய்விட்ட மூக்கை ஈடு காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அந்தப் பாவி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என் வாயில் பதில் வரட்டும் என்று ஒரு கேள்விதான் கேட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்தத் தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறிவது என்றுதான் ஓடினேன். தெருமுனை வரை போயிருப்பேன். அங்கே கால் நின்றுவிட்டது.

கிழித்தால் புதன்கிழமை நர்ஸ் வருவாள். இனி மகளுக்கு எடுக்க ஒன்றுமில்லை, என் மூக்கைத்தான் எடுப்பாள். பிறகு இந்தப் பிள்ளை வாயில் வைப்பது எது, ஆன்சி வாயில் வைத்தது எது என்று யார் சொல்வது? கஸ்பாரா? இந்த ஊரிலா?

திரும்பி வந்தேன். டப்பாவில் மிச்சமிருந்த கட்லெட்டை எடுத்து முகர்ந்தேன். பத்து. குப்பையில் போட்டேன். வினோலியா தேம்பித் தேம்பி அழுதாள். அவளுக்கு அது நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது ஆலை ஓடத் தொடங்கி ஏழு மாதமாகிறது. உத்தரவும் வந்துவிட்டது. அரிசி, பருப்பு, ரொட்டி, பால்பவுடர் எல்லாவற்றிலும் அந்த மாவு கலந்துதான் வருகிறது. வெளியூரிலிருந்து தருவிக்கலாம் என்றால் அங்கேயும் இதுதான் சட்டம். மூன்றாவது ஆலைக்குத் திட்டம் தயாராகிறது. குழு கூடும்போது பத்து போடுவேன், கையெழுத்தும் போடுவேன். மகிழ்நன் இப்போதெல்லாம் என்னை அறைக்குக் கூப்பிடுவதில்லை, தாளை மேசைக்கே அனுப்பிவிடுகிறார்.

வீட்டில் மூன்று வேளையும் வினோலியா தட்டை என் முகத்தருகே கொண்டுவருவாள். நான் முகர்ந்து சொன்ன பிறகுதான் வாயில் வைப்பாள். முதல் மாதம் இரண்டுக்கு மேல் எதையும் விடவில்லை. பிள்ளை எலும்பும் தோலுமாக ஆனாள், மூன்றுக்கு இறங்கினேன். ஆவணியில் நான்கு. அதற்குக் கீழே கடையில் எதுவும் கிடைக்கவில்லை.

நேற்று காலையிலிருந்து மத்தியானம் வரை அவள் ஒன்றும் தின்னவில்லை. முதல் தட்டு எட்டு, கொட்டினேன். இரண்டாவது தட்டு ஏழு, அதையும் கொட்டினேன். மூன்றாவதாகப் பருப்புச் சோறு கொண்டுவந்தாள். மூச்சிழுத்தேன். அடியில் அந்தச் சேறு இருந்தது.

"பசிக்கும்மா" என்றாள்.

மறுபடி ஒருமுறை முகர்ந்தேன். ஆறு. கூடினால் ஆறரை.

"தின்னு" என்றேன்.

அவள் குனிந்து அவசர அவசரமாகத் தின்றாள். அவள் கழுத்தில் சிவப்பு ஏறுகிறதா என்று பார்த்தபடி நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.